மொட்டை மாடிச் சூடு கீழே இறங்காமலிருக்க

கான்கிரீட் தளம் பகலில் வாங்கிய வெயிலை இரவில்தான் அறைக்குள் இறக்கும். அதனால் உள்கூரையில் தெர்மோகோல் ஒட்டுவதைவிட, வெயிலை மேலேயே திருப்பி அனுப்புவது நல்லது. (தெர்மோகோல் எளிதில் தீப்பிடிக்கும், அது வேறு.)

செலவு குறைய வேண்டுமா? சுண்ணாம்பு போதும். மழையில் கரையும் என்பதால் ஆண்டுதோறும் மாசியிலேயே அடித்துவிடுங்கள். கூல் ரூஃப் பெயின்ட் என்றால், விலையைப் பார்க்குமுன் டப்பாவில், வெயிலைத் திருப்பி அனுப்பும் திறனைக் காட்டும் எஸ்.ஆர்.ஐ. எண்ணைப் பாருங்கள், கூடுதலாக இருப்பதே சூட்டைக் குறைக்கும்.

எதுவானாலும் முதலில் விரிசலை அடைத்து, பாசியைச் சுரண்டிக் கழுவுங்கள். சுண்ணாம்புக்குத் தளம் லேசாக ஈரமாக இருக்க வேண்டும். பெயின்டுக்கு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். வெயில் தாழ்ந்த பிறகு இரண்டு கோட் அடியுங்கள். உச்சி வெயிலில் அடித்தால் பெயின்ட் சரியாகப் பிடிக்காது. தூசி படிந்தால் பலன் குறையும், அவ்வப்போது கழுவிவிடுங்கள்.