புராஜெக்ட் போல்டர்: யாருக்கு என்ன அனுமதி?

"முக்கியமான பைல்களை சி டிரைவில் வைக்காதே, டி டிரைவில் வை" என்பது புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்குச் சொல்லப்படும் முதல் அறிவுரை. விண்டோஸை மீண்டும் இன்ஸ்டால் செய்ய நேர்ந்தால் இது உதவும். ஆனால், டி டிரைவில் நீங்கள் உருவாக்கும் போல்டரை, அதே கம்ப்யூட்டரில் அக்கவுண்ட் வைத்திருக்கும் எவரும் அழித்துவிடலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. இதைத் தடுக்கும் வழியை இங்கு பார்க்கலாம்.

ஒரு வீட்டை எடுத்துக் கொள்வோம். கல்லூரியில் படிக்கும் அக்கா, டி டிரைவில் புராஜெக்ட் என்ற போல்டரில் தன் சாப்ட்வேரை எழுதி வருகிறார். தம்பி அதே கம்ப்யூட்டரில் கேம்ஸ் விளையாடுகிறான். கேமுக்கு இடம் போதவில்லை என்று ஒரு போல்டரை அழிக்கிறான். அல்லது அவன் இறக்கிய பைலுடன் வைரஸ் வருகிறது. மூன்று மாத உழைப்பு போய்விடும். தம்பியைத் திட்டிப் பயனில்லை. அவனுக்குத் தேவையில்லாத அனுமதி அவனிடம் இருந்ததே காரணம்.

ஒவ்வொருவருக்கும் அவர் வேலைக்குத் தேவையான அளவு உரிமை மட்டுமே தர வேண்டும். இதனை 1975ல் ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் என்ற இருவர் ஓர் அடிப்படை விதியாக எழுதி வைத்தனர். பெரிய சாப்ட்வேர் புராஜெக்ட்களிலும், புரோகிராமைப் படிப்பவர், மாற்றுபவர், நிர்வகிப்பவர் என்று இப்படித்தான் பிரிக்கிறார்கள்.

முதல் படி: அக்கவுண்ட்

விண்டோஸில் அட்மினிஸ்ட்ரேட்டர், ஸ்டாண்டர்ட் என இருவகை அக்கவுண்ட்கள் உண்டு. முதலாமவர் எதையும் மாற்றலாம். அடுத்தவர் தன் வேலையைப் பார்க்கலாம். கம்ப்யூட்டர் முழுவதையும் பாதிக்கும் மாற்றம் என்றால் அட்மினிஸ்ட்ரேட்டரின் பாஸ்வேர்ட் கேட்கப்படும். இப்படி இடைமறித்துக் கேட்கும் வசதி 2007ல் விற்பனைக்கு வந்த விஸ்டாவிலிருந்து உள்ளது. விண்டோஸ் 98ல் பாஸ்வேர்ட் கட்டத்தில் எஸ்கேப் கீயை அழுத்தினாலே உள்ளே நுழைந்துவிடலாம்!

கம்ப்யூட்டரில் முதலில் உருவாகும் அக்கவுண்ட் அட்மினிஸ்ட்ரேட்டர் வகை. அதை அப்பா வைத்துக் கொள்ளட்டும். பாஸ்வேர்ட் கட்டாயம் தேவை. பின் செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், அதர் யூசர்ஸ் எனச் சென்று அக்காவுக்கும் தம்பிக்கும் தனித்தனி அக்கவுண்ட் உருவாக்கவும். இவை ஸ்டாண்டர்ட் வகையாகவே உருவாகும். எல்லாரையும் அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்கிவிட்டால், அடுத்து நான் சொல்லப் போவது எதுவும் பயன் தராது.

இரண்டாம் படி: போல்டர்

டி டிரைவில் ஆதென்டிகேட்டட் யூசர்ஸ் என்ற குழுவிற்கு மாடிபை அனுமதி பெரும்பாலும் தொடக்கத்திலேயே தரப்பட்டிருக்கும். மாடிபை என்றால் படிக்கலாம், திருத்தலாம், அழிக்கலாம். பாஸ்வேர்ட் தந்து நுழையும் அனைவரும் இந்தக் குழுவில் அடக்கம். டிரைவில் உருவாக்கும் புதிய போல்டரும் இதே அனுமதியைப் பெறும். எனவே கீழ்க்கண்டவாறு மாற்றவும்.

1. அப்பாவின் அக்கவுண்டில் நுழைந்து, புராஜெக்ட் போல்டரில் ரைட் கிளிக் செய்து புராப்பர்ட்டீஸ் தேர்ந்தெடுக்கவும். செக்யூரிட்டி டேபில் எடிட், பின் ஆட் அழுத்தவும். அக்காவின் அக்கவுண்ட் பெயரைத் தந்து, அலவ் வரிசையில் மாடிபை எதிரே டிக் செய்து ஓகே தரவும்.

2. மீண்டும் செக்யூரிட்டி டேபில் அட்வான்ஸ்ட் அழுத்தவும். சேஞ்ச் பர்மிஷன்ஸ் என்ற பட்டன் தெரிந்தால் அதை முதலில் கிளிக் செய்திடவும். பின் டிஸேபிள் இன்ஹெரிடன்ஸ் அழுத்தவும். கிடைக்கும் இரு வழிகளில், கன்வர்ட் என்று தொடங்குவதைத் தேர்ந்தெடுக்கவும்.

3. பட்டியலில் ஆதென்டிகேட்டட் யூசர்ஸ் வரியைத் தேர்ந்தெடுத்து ரிமூவ் செய்து, ஓகே தரவும்.

முதல் படியைத் தவிர்த்துவிட்டு மூன்றாவதைச் செய்தால், அக்காவாலேயே எழுத முடியாமல் போய்விடும். எனவே வரிசை மாறக் கூடாது.

இப்போது பட்டியலில் யூசர்ஸ் என்ற குழு மீதி இருக்கும். அதற்குப் படிக்கவும் இயக்கவும் மட்டுமே அனுமதி. தம்பி அக்காவின் புரோகிராமைத் திறந்து பார்க்கலாம். அழிக்க முயன்றால் பாஸ்வேர்ட் கேட்கும். அவன் அக்கவுண்டில் இயங்கும் வைரஸுக்கும் இதே தடைதான். பார்க்கவே கூடாது என்றால் யூசர்ஸ் வரியையும் நீக்கலாம். தேவையில்லாத ஒரு பைலை உள்ளே வைத்து, தம்பியின் அக்கவுண்டில் நுழைந்து அழித்துப் பாருங்கள்.

கவனிக்க வேண்டியவை

டினை என்ற வரிசையில் டிக் செய்திட வேண்டாம். அது அலவ் அனுமதியை மீறிச் செயல்படும். அக்காவும் யூசர்ஸ் குழுவில் ஒருவர் என்பதால், அந்தக் குழுவிற்கு டினை தந்தால் அவரும் வெளியே நிற்பார்.

பென் டிரைவ்கள் பெரும்பாலும் பேட்32 அல்லது எக்ஸ்பேட் முறையில் பார்மட் ஆகியிருக்கும். அவற்றில் இந்த அனுமதிகள் கிடையாது. என்டிஎப்எஸ் டிரைவில் உண்டு.

இது பூட்டுதானே தவிர, பேக்கப் அல்ல. ஹார்ட் டிஸ்க் பழுதானால் அனுமதி எதுவும் காப்பாற்றாது. எனவே வாரம் ஒரு முறை புராஜெக்ட் போல்டரைத் தனி டிஸ்க்கில் காப்பி செய்து, அதைக் கழற்றி வைத்துவிடுங்கள்.