எந்த வீடியோ கேம் செட் வாங்குவது?

வீடியோ கேம் செட் வாங்கும் முன் நமக்கு எந்த விளையாட்டு பிடிக்கும்னு பாருங்க. ஒரு கம்பெனி டிஸ்க் இன்னொரு கம்பெனி செட்டில் ஓடாது.

1985-ல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் நின்டெண்டோவுடையது. சோனி பிளேஸ்டேஷனில் மாரியோ கிடையாது. ஆனால் நம்ம கில்லியும் கபடியும் உள்ள ‘தேசி அட்டா’ 2009-ல் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்தது. அந்த செட் தயாரிப்பதை 2013-ல் நிறுத்திட்டாங்க. பழசுதான் தேடணும். புது பிளேஸ்டேஷன் 5-ல் அந்த டிஸ்க் ஓடாது.

எங்க அண்ணனுக்குக் கபடி, எனக்கு மாரியோ. அம்மாவின் சீட்டுப் பணத்தில் ஒன்றுதான் வாங்கலாம். அதிக நேரம் விளையாடுபவருக்குப் பிடித்ததையே வாங்கணும் என்பது என் கருத்து. அண்ணன் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை முடிந்து ராத்திரிதான் வருவார்!