மாஸ்கோவில் மார்ச் 8

நம் ஊரில் மகளிர் தினம் என்றால் அலுவலகத்தில் ஒரு கோலப் போட்டி, செல்போனில் வாழ்த்துப் படங்கள், அதோடு சரி. ரஷ்யாவில் 1966 முதல் அது அரசு விடுமுறை. முந்தின நாள் வேலை நேரத்திலும் ஒரு மணி நேரத்தைக் குறைத்துவிடுவார்கள். மார்ச் 7 மாலை மெட்ரோவில் ஏறினால், பள்ளிக்கூடப் பையன் முதல் தடி ஊன்றிய தாத்தா வரை கையில் பூக்கொத்தோடு நிற்பார்கள். கணவரின் வேலைக்காகச் சின்னப் பிள்ளைகளோடு அங்கே போய்க் குடியேறும் நம் பெண்களுக்கு, அந்த நாளைப் பற்றி நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் பூ. மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படையில்தான் வாங்க வேண்டும். இரட்டைப்படை சாவு வீட்டுக்கு உரியது. 101 ரூபாய் மொய் எழுதிப் பழகிய நமக்கு இது சுலபம். மஞ்சள் துலிப் கொடுத்தால் பிரிவு வரும் என்று வயதானவர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் மிமோசாவுக்கு அந்தத் தோஷம் கிடையாது. இந்த நாளுக்கே உரிய பூ அதுதான். கருங்கடல் ஓரத்து அப்காசியாவிலிருந்து கொத்துக் கொத்தாக வந்து இறங்கும். சின்னச் சின்ன மஞ்சள் உருண்டைகளாக நம் கருவேலம்பூவைப் பார்த்த மாதிரியே இருக்கும். இரண்டும் உறவுக்கார மரங்கள்தான். பண்டிகை நெருங்க நெருங்க விலை ஏறும் என்பதால், துலிப்பை மொட்டாக முன்னாலேயே வாங்கி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். வெளியே இன்னும் பனி கிடக்கும். காகிதம் சுற்றாமல் கொண்டுவந்தால் வீடு சேர்வதற்குள் இதழ் கருகிவிடும்.

மழலையர் பள்ளியில் பிள்ளைகள் இருந்தால், உங்களுக்கு உண்மையான மார்ச் 8 விடுமுறைக்கு முன்பே வந்துவிடும். 'உத்ரென்னிக்' என்று காலை நேரத்தில் ஒரு விழா வைப்பார்கள். காலணி மேல் நீல பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு, குட்டி நாற்காலிகளில் அம்மாக்களும் பாட்டிமார்களும் உட்கார்ந்திருப்போம். பிள்ளைகள் வரிசையாக வந்து பாடி, ஆடி, ஆளுக்கொரு பாட்டு ஒப்பிப்பார்கள். வீட்டில் தமிழ் மட்டும் பேசும் குழந்தைக்கு அந்த நாலு வரிதான் பெரிய மலை. துண்டுச் சீட்டில் எழுதித் தரும் வரிகளை நாம் எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொடுத்தால் உச்சரிப்பு கெட்டுப்போகும். ஆசிரியையிடமே கேட்டு அவர் குரலில் செல்போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். சோறு ஊட்டும்போது அதைப் போட்டுவிட்டதில் என் மகனுக்கு வரிகள் தானாக வந்துவிட்டன. மேடையில் ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு, கைதட்டலுக்குக்கூடக் காத்திராமல் ஓடிவந்து என் மடியில் ஏறினான். கையில் நீல அட்டையை மடித்துச் செய்த வாழ்த்து. மேலே மஞ்சள் டிஷ்யூ தாளைக் கசக்கி ஒட்டிய மிமோசா. பசை காயாமல் பாதிப் பூ என் புடவையில் ஒட்டிக்கொண்டது.

பரிசுக்குப் பணம் பிரிப்பது பெற்றோர் குழு. பிப்ரவரி 23 ஆண்களுக்கான நாள். அன்று வகுப்புப் பையன்களுக்குப் பெண் பிள்ளைகளின் வீட்டிலிருந்தும், மார்ச் 8-க்குப் பெண் பிள்ளைகளுக்குப் பையன்களின் வீட்டிலிருந்தும் சின்னப் பரிசு போகும். கேட்ட தொகையைக் கொடுத்துவிடுங்கள். ஆசிரியைக்குப் பாசத்தில் பட்டுப்புடவை, வெள்ளி விளக்கு என்று கிளம்ப வேண்டாம்; 3,000 ரூபிளுக்கு மேல் அவர்கள் பரிசு வாங்கச் சட்டம் இடம் தராது.

ஒருவரை மட்டும் மறந்துவிடாதீர்கள். ஒவ்வொரு வகுப்பிலும் ஆசிரியையோடு 'ந்யான்யா' என்று ஓர் உதவியாளர் இருப்பார். சூப் ஊற்றுவது, தரை துடைப்பது, ஈரமான பனிக் கால்சட்டையைக் கழற்றிக் காயப் போடுவது எல்லாம் அவர்தான். பூக்கொத்து ஆசிரியையோடு நின்றுவிடும் வாய்ப்பு உண்டு. ந்யான்யாவுக்குத் தனியாக ஒரு கொத்து வாங்கி, பிள்ளை கையாலேயே, பெயர் சொல்லிக் கொடுக்க வையுங்கள். மகனோடு மகளும் கொடுக்கட்டும். பெண் பிள்ளை வாங்கிக்கொள்ள மட்டும் பழகுவதில் எனக்குச் சம்மதமில்லை.

ஏன் இந்தக் கொண்டாட்டம் என்று பிள்ளைகள் கேட்பார்கள். அழகுக்காக, அம்மா என்பதற்காக என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். 1917-இல் இதே நாளில், பழைய நாட்காட்டிப்படி பிப்ரவரி 23-இல், பெத்ரோகிராது நகரத்து நெசவாலைப் பெண்கள் ரொட்டி கேட்டு வேலையை நிறுத்தித் தெருவில் இறங்கினார்கள். ஒரு வாரம் கழித்து ஜார் மன்னர் முடி துறந்தார். ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஜாரும் புரட்சியும் எட்டாது. பசியும் கூலியும் எட்டும். நான் எங்கள் அம்மாவை வைத்துச் சொன்னேன். முக்கூடலில் மடியில் சுளகை வைத்துக்கொண்டு, இலை வெட்டி, தூள் போட்டு, நூல் கட்டி, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று வரும் கூலியில்தான் அவர் எங்களைப் படிக்க வைத்தார். "அப்போ ஆச்சிக்கும் பூ கொடுக்கணும்லா?" என்றான் மகன். அன்றைக்கே வீடியோவில் அழைத்தோம். இந்தியா இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுவதால், அங்கே மாலையாவதற்குள் கூப்பிட்டுவிடுங்கள். ஆச்சிமார் சீக்கிரம் படுத்துவிடுவார்கள்.

கடைசியாக அடுப்படி. பூ வாங்கிய கையோடு அதே பெண் சமைத்து, பாத்திரமும் கழுவும் வீடுகள் அங்கேயும் ஏராளம். அதை மட்டும் அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டாம். அன்று மேசைக்கு வரும் மிமோசா சாலட் மிக எளிது: வேகவைத்த உருளைக்கிழங்கு, கேரட், முட்டை வெள்ளைக்கரு, டின் மீன், நடுநடுவே மயோனைஸ் என்று அடுக்கி, மேலே மஞ்சள் கருவைத் துருவித் தூவினால் முடிந்தது. மீன் வேண்டாதவர்கள் சீஸ் வைக்கலாம். கணவரும் பிள்ளைகளும் சேர்ந்து அடுக்கட்டும், பாத்திரத்தையும் அவர்களே கழுவட்டும். நீங்கள் எழுந்து போகாதீர்கள்.