நிரம்பும் வட்டும் நிரப்பும் கையும்

முன்னுரை

ஓலையிலிருந்து தாளுக்கும், தாளிலிருந்து கணிப்பொறிக்கும் தமிழ் இடம் பெயர்ந்து வந்துள்ளது. ஓலைக்குக் கரையான் பகை; தாளுக்கு ஈரமும் பூச்சியும் பகை. கணிப்பொறியில் இட்டுவைத்த எழுத்துக்கு நேரும் இடையூறுகளுள் ஒன்று, அதனைத் தாங்கும் வட்டு காரணம் புலப்படாமல் நிரம்பிப் போவதாகும். 'இது கணிப்பொறித் துறையார் காண வேண்டியது. தமிழ்த்துறைக்கு இதில் என்ன வேலை?' என்று நாம் ஒதுங்கிவிட இயலாது. நம் மாணவர்தம் ஆய்வேடுகளும் களப்பணிப் பதிவுகளும் இன்று அவ்வட்டில்தான் வாழ்கின்றன. எம் துறை பட்ட ஓர் இடரை முன்வைத்து, வட்டு நிரம்பும் வகைகளையும் அதன் காரணத்தைக் கண்டறியும் முறையையும் மாணவர்க்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எம் துறையில் நிகழ்ந்தது

2018-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள். ஆய்வியல் நிறைஞர் பட்ட மாணவர்கள் ஆய்வேட்டினை ஒப்படைக்க இரு வாரங்களே எஞ்சியிருந்தன. துறைக் கணிப்பொறியில் இயங்குதளம் அமைந்த 'சி' பகுதியின் கொள்ளளவு 150 ஜி.பி. அதில் பாதியளவு, அதாவது 75 ஜி.பி., வெற்றிடமாகவே இருந்துவந்தது. ஒருநாள் நண்பகலுக்குப் பின் மாணவி ஒருவர் தம் மூன்றாம் இயலைச் சேமிக்க முயன்றபோது, வட்டில் இடமில்லை என்னும் அறிவிப்புத் தோன்றியது. செய்வதறியாது அவர் கணிப்பொறியை நிறுத்தினார். மீண்டும் இயக்கியபோது அன்று அடித்த பக்கங்கள் இல்லை. தாம் ஏதோ பிழை செய்துவிட்டதாகவே அவர் கருதி வருந்தினார். உண்மையில் அவர்பால் பிழை ஏதுமில்லை.

யாம் உடனே துப்புரவுப் பணியில் இறங்கினோம். தற்காலிகக் கோப்புகளை நீக்கினோம். குப்பைத் தொட்டியைக் காலி செய்தோம். பயனற்றவை எனத் தோன்றிய கோப்புறைகள் பலவற்றை அழித்தோம். மொத்தம் 22 ஜி.பி. மீண்டது. வெற்றிடம் 50 ஜி.பி.யைத் தாண்டியது கண்டு மகிழ்ந்தோம். மறுநாள் பிற்பகல் பார்த்தால், வெற்றிடம் வெறும் 2.5 ஜி.பி. மட்டுமே. எவ்வளவு விடுவித்தோமோ அதனினும் மிகுதியாக வட்டு விழுங்கியிருந்தது. நச்சுநிரல் புகுந்துவிட்டது என்றார் ஒருவர். வட்டே பழுதுற்றது, புதிது வாங்க வேண்டும் என்றார் மற்றொருவர். இரண்டும் பொய்யாயின. உண்மைக் காரணத்தைப் பின்னர்க் கூறுவோம். அதற்கு முன், வட்டில் இடம் மறையும் பொதுவான வழிகளை அறிந்துகொள்வது தேவையாகும்.

இடம் மறையும் வழிகள்

1. கணக்கு வேறுபாடு: சில வேளைகளில் இடம் மறைவதே இல்லை; அளவுகோல்தான் மாறுகிறது. 500 ஜி.பி. என்று விற்கப்படும் வட்டு, விண்டோஸில் ஏறத்தாழ 465 ஜி.பி. என்றே காட்டும். வட்டு செய்வோர் ஒரு ஜி.பி. என்பதை நூறு கோடி பைட்டுகளாகக் கொள்கின்றனர். விண்டோஸோ 1024-இன் மும்மடிப் பெருக்கமாகிய 107,37,41,824 பைட்டுகளை ஒரு ஜி.பி. என எண்ணுகிறது. இவ்வேறுபாட்டை அறியாதார், புதிய வட்டிலேயே 35 ஜி.பி. களவு போயிற்று எனக் கலங்குவர்.

2. மறைந்திருக்கும் கோப்புகள்: இயங்குதளம் தன் தேவைக்கென வைத்துக்கொள்ளும் பெருங்கோப்புகள் சில உண்டு. கணிப்பொறி உறக்கநிலைக்குச் செல்லும்போது நினைவகத்தில் உள்ளவற்றை எழுதிவைக்க 'ஹைபர்ஃபில்' என்னும் கோப்பு உள்ளது. 8 ஜி.பி. நினைவகம் கொண்ட கணிப்பொறியில் விண்டோஸ் 7 இதற்கென ஏறத்தாழ 6 ஜி.பி. ஒதுக்கும், விண்டோஸ் 10 அதனைச் சுமார் 3 ஜி.பி.யாகக் குறைத்தது. நினைவகம் போதாதபோது துணை நிற்பது 'பேஜ்ஃபைல்'. இது தேவைக்கேற்ப வளரும் இயல்பினது. பழைய நிலைக்குத் திரும்ப உதவும் மீட்டெடுப்புப் புள்ளிகளோ, பயனர் திறக்கவியலாத ஒரு கோப்புறையில் சேர்கின்றன. ஆகவே கண்ணுக்குத் தெரியும் கோப்புறைகளை மட்டும் கூட்டிப் பார்த்தால், நிரம்பிய அளவோடு அத்தொகை ஒருபோதும் பொருந்தாது.

3. புதுப்பிப்பின் எச்சம்: விண்டோஸின் புதிய பதிப்பை நிறுவும்போது பழைய பதிப்பு 'விண்டோஸ்.ஓல்டு' என்னும் பெயரில் தனியே வைக்கப்படுகிறது. பல ஜி.பி. அளவுள்ள இது, விண்டோஸ் 10-இல் பொதுவாகப் 10 நாளுக்குப் பின் தானே நீங்கும். 'வின்எஸ்எக்ஸ்எஸ்' என்னும் கோப்புறையும் பேருருக் கொண்டு தோன்றும். ஆயினும் அதிலுள்ளவற்றுள் பல, வேறிடத்தில் உள்ள அதே கோப்பின் மற்றொரு பெயர்களே. ஒரே பொருள் இரு முறை எண்ணப்படுவதால் அளவு மிகுந்து காட்டுகிறது. இதனைக் கையால் அழிப்பது இயங்குதளத்தையே குலைத்துவிடும்.

4. பதிவேடுகளின் பெருக்கம்: மென்பொருள்கள் தம் செயல்களைக் குறித்துவைக்கும் பதிவேடுகள் அளவிறந்து வளர்வதுண்டு. விண்டோஸ் 7-இல் நன்கு அறியப்பட்ட ஒரு நிகழ்வை இங்குச் சுட்டலாம். புதுப்பிப்புகளைப் பற்றிய 'சி.பி.எஸ்.' பதிவேடு ஓர் அளவை எட்டியதும், இயங்குதளம் அதனைச் சுருக்கி வைக்கும். அப்பதிவேடு எவ்வாறேனும் 2 ஜி.பி.யைக் கடந்துவிட்டால், சுருக்கும் கருவியால் அதனைக் கையாள இயலாது. பணி பாதியில் முறியும். அரைகுறைக் கோப்பு ஒன்று விண்டோஸின் 'டெம்ப்' கோப்புறையில் தங்கிவிடும். கருவி மீண்டும் முயலும். மீண்டும் ஓர் எச்சம் விழும். இவ்வாறே வட்டு முழுதும் நிரம்பும். எச்சங்களை எத்தனை முறை அழித்தாலும் பயனில்லை. அப்பெரும் பதிவேட்டை நீக்கினாலன்றி இத்தொல்லை தீராது.

5. அழித்தும் அழியாதவை: லினக்ஸ் இயங்குதளத்தில் மற்றொரு விந்தை உண்டு. ஒரு நிரல் திறந்து வைத்துள்ள கோப்பினை நாம் அழித்தால், பெயர் மட்டுமே மறையும். அந்நிரல் அதனை மூடும் வரை இடம் மீளாது. அதனால்தான் வட்டின் நிலையைக் கூறும் 'டி.எஃப்.' கட்டளையும், கோப்புகளைக் கூட்டிக் கூறும் 'டி.யூ.' கட்டளையும் சில வேளைகளில் வெவ்வேறு விடை தருகின்றன. குறித்த நிரலை நிறுத்தி மீண்டும் இயக்கினால் இடம் திரும்பும்.

இவ்வைந்தனுள் முதலிரண்டும் நிலையான இருப்பைப் பற்றியவை. அவற்றை ஒரு முறை அறிந்துகொண்டால் போதும். மூன்றாவது, காலம் சென்றால் அடங்குவது. 'மீண்டும் மீண்டும் நிரம்புகிறது' என்னும் நோய்க்குரியவை பின்னிரண்டுமே. அங்கெல்லாம் எழுதிக்கொண்டே இருக்கும் ஒரு கை உண்டு. அக்கையைக் காணாமல் கோப்புகளை மட்டும் அழிப்பது, குழாயை மூடாமல் தரையைத் துடைப்பதற்கு ஒப்பாகும்.

காரணம் வெளிப்பட்ட விதம்

எம் துறை நிகழ்ச்சிக்கு மீள்வோம். மூன்றாம் நாள், எதனையும் அழிப்பதில்லை என முடிவு செய்து, ஒரு குறிப்பேட்டில் அரை மணிக்கொரு முறை வெற்றிட அளவை எழுதிவந்தோம். காலை 10 மணி முதல் நண்பகல் 1 மணி வரை 2.5 ஜி.பி. என்னும் அளவு மாறவில்லை. 1.30 மணிக்கு வெற்றிடம் இல்லை. 2 மணிக்கு மீண்டும் 2.5 ஜி.பி. கடிகாரமே காரணத்தைக் காட்டிக் கொடுத்தது. நச்சுநிரல் உணவு இடைவேளை பார்த்து வேலை செய்வதில்லை. 1 மணிக்கு ஏதோ ஒரு பணி தொடங்குமாறு யாரோ ஏற்பாடு செய்துள்ளனர் என்பது தெளிவாயிற்று.

மறுநாள் 1 மணிக்கு, நிருவாகி உரிமையுடன் 'ரிசோர்ஸ் மானிட்டர்' என்னும் கருவியைத் திறந்து வைத்துக் காத்திருந்தோம். எந்நிரல் எக்கோப்பில் எழுதுகிறது என்பதை அது அவ்வப்போதே காட்டுவதாகும். சுருக்கக் கோப்பு ஒன்று விரைந்து வளர்வது தெரிந்தது. அது இருந்த இடமோ எம் துறை ஆசிரியர் ஒருவரின் தனிக் கணக்கு. அவர் முந்திய வாரம் புத்தொளிப் பயிற்சிக்கு வெளியூர் சென்றிருந்தார். செல்லுமுன், மாணவர்தம் ஆய்வேட்டுப் படங்கள் இருந்த 1.5 ஜி.பி. கோப்புறையை நாள்தோறும் சுருக்கிப் படியெடுக்குமாறு 'டாஸ்க் ஷெட்யூலர்' வழி ஏற்பாடு செய்திருந்தார். நல்லெண்ணத்தில் செய்த அப்பணியில் ஒரே ஒரு பிழை: படியும் அதே கோப்புறைக்குள்ளேயே சேருமாறு அமைத்துவிட்டார்.

இதன் விளைவை எண்ணிப் பார்த்தல் நன்று. முதல் நாள் படியின் அளவு 1.5 ஜி.பி. இரண்டாம் நாள் மூலமும் முதற்படியும் சேர்ந்து 3 ஜி.பி. மூன்றாம் நாள் 6. நான்காம் நாள் 12. ஐந்தாம் நாள் 24. வருடிய படங்கள் முன்னரே சுருக்கப்பட்டவை ஆதலின் மேலும் சுருங்கவில்லை. ஆறாம் நாள் தேவைப்பட்டது 48 ஜி.பி.; இருந்தது 28.5 மட்டுமே. இடம் தீர்ந்ததும் பணி முறிந்து அரைகுறைக் கோப்பு நீங்கிற்று. ஆனால் இடமற்ற அந்தச் சிறு பொழுதில்தான் மாணவி தம் இயலைச் சேமிக்க முயன்றார். யாம் 22 ஜி.பி. விடுவித்ததும் வெற்றிடம் 50.5 ஆயிற்று. ஏழாம் நாள் அந்த 48 ஜி.பி. படி தடையின்றி முழுமை பெற்றது. யாம் துப்புரவு செய்தது வட்டுக்கு உதவவில்லை. அப்படிக்கு இடம் ஒதுக்கித் தந்ததாகவே முடிந்தது. தனிக் கணக்கில் இருந்ததால் பொதுக் கணக்கிலிருந்து பார்த்த எம் கண்ணுக்கு இவை யாவும் மறைந்திருந்தன.

பணியை நிறுத்திப் படிகளை நீக்கியதும் 94 ஜி.பி.க்கு மேல் மீண்டது. வட்டு அதன்பின் நிரம்பவில்லை.

மீளாதது

மாணவி தம் பக்கங்களை மூன்று நாளில் மீண்டும் எழுதி, உரிய நாளில் ஆய்வேட்டை ஒப்படைத்தார். ஆயின் ஓர் இழப்பு மீளவில்லை. துப்புரவின்போது யாம் அழித்தவற்றுள் 'புதிய கோப்புறை 2' என்று பெயரிட்ட ஒன்றும் இருந்தது. 2011-இல் முதுகலை மாணவர்கள் சிற்றூர்களில் திரட்டிய தாலாட்டு, ஒப்பாரிப் பாடல்களின் ஒலிப்பதிவுகள் 11 அதனுள் இருந்தன என்பதைப் பின்னரே அறிந்தோம். அழித்த கோப்பின் தடம், அவ்விடத்தில் வேறொன்று எழுதப்படும் வரை வட்டில் இருக்கும். மீட்புக் கருவிகள் அதனைத் தேடி எடுக்கவும் கூடும். ஆனால் மறுநாளே 48 ஜி.பி. அதன்மேல் எழுதப்பட்டுவிட்டது. மீட்புக் கருவி கோப்புகளின் பெயர்களைத் தந்தது, குரல்களைத் தரவில்லை. பாடிய மூதாட்டியருள் இருவர் அதற்குள் மறைந்துவிட்டனர்.

படியெடுக்கும் ஏற்பாட்டில் நேர்ந்த பிழையால் எம் துறை இழந்தது சில மணி நேர உழைப்பு. ஆராயாமல் அழித்த எம் அவசரத்தால் இழந்ததோ அப்பாடல்கள்.

மாணவர் கைக்கொள்ள வேண்டுவன

1. வட்டு நிரம்பியது என்னும் அறிவிப்பு வந்தால் கணிப்பொறியை நிறுத்தற்க. திறந்துள்ள கோப்பினை முதலில் பென் டிரைவ் போன்ற வேறோர் இடத்தில் சேமிக்க.

2. எதனையும் அழிக்குமுன் வெற்றிட அளவை நேரத்துடன் குறித்து வருக. படிப்படியாகக் குறைகிறதா, குறித்த வேளையில் குறைகிறதா, ஒரு மென்பொருளைத் திறந்தபின் குறைகிறதா என்பது புலனாகும்.

3. 'ட்ரீசைஸ்', 'வின்டிர்ஸ்டாட்' போன்ற கருவிகளைக் கொண்டு எக்கோப்புறை எவ்வளவு கொள்கிறது என்று அளக்க. நிருவாகி உரிமையுடன் இயக்கினாலன்றிப் பிறர் கணக்குகளில் உள்ளவை தெரியா.

4. எழுதும் நிரலை முதலில் நிறுத்துக. எழுதப்பட்டதைப் பின்னர் நீக்குக. இவ்வரிசை மாறினால் உழைப்பு வீணாகும்.

5. இயங்குதளத்திற்குரிய கோப்புறைகளை நேரே அழிக்காமல், அதற்கென உள்ள 'டிஸ்க் கிளீனப்' போன்ற கருவிகளையே பயன்படுத்துக. 2017 முதல் விண்டோஸ் 10-இல் 'ஸ்டோரேஜ் சென்ஸ்' என்னும் வசதியும் இதற்கென உண்டு.

6. படி எப்போதும் மூலத்திற்கு வெளியே, இயன்றவரை வேறொரு வட்டில் இருத்தல் வேண்டும். ஒரே வட்டில் வைத்த படி, வட்டு பழுதானால் மூலத்துடன் சேர்ந்தே அழியும்.

7. கோப்புறைக்குப் பொருளுடைய பெயரிடுக. பெயரற்றது பிறர் கண்ணுக்குக் குப்பையாகவே தோன்றும்.

முடிவுரை

வட்டு தானே நிரம்புவதில்லை. ஏதோ ஒன்று அதனை நிரப்புகிறது. மாயம் எனத் தோன்றுவது யாவும், நாம் இன்னும் அளந்து பாராதவையே. மூலத்தையும் படியையும் வேறுபடுத்தி அறிதலும், ஒன்றை நீக்குமுன் அது எதுவென ஆராய்தலும் சுவடிப் பதிப்பில் தமிழ் மாணவர் பயின்ற பழக்கங்களே. அவற்றைக் கணிப்பொறியின்முன் அமரும்போதும் கைவிடாதிருத்தல் வேண்டும். எம் துறையில் இன்று ஒலிப்பதிவுகள் மூன்று இடங்களில் வைக்கப்படுகின்றன. ஒவ்வொன்றும் பாடியவர் பெயர், ஊர், நாள் ஆகியவற்றைத் தாங்கியுள்ளது. இழந்த 11 பாடல்கள் எமக்குக் கற்பித்த பாடம் இதுவாகும்.