நீண்ட சொல்லை எங்கே வெட்டுவது?



மழைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் நம் தீவுகளில் படகு நின்றுவிடும். ஃபீனிக்ஸ் பே படகுத்துறையில் ஆங்கிலத்தில் ஒரு தாள் ஒட்டுவார்கள். அதில் 'டெம்பரரிலி' என்று இருந்தால் மூட்டையோடு காத்திருக்கலாம். 'பெர்மனென்ட்லி' என்று இருந்தால் அந்தப் படகு இனி வராது. ஹட் பேக்குப் போக வேண்டியவருக்கு இந்த வேறுபாடு பெரிது. ஆனால் சொல்லின் நீளத்தைப் பார்த்ததுமே மலைத்துவிடுகிறோம்.

மலைக்க வேண்டாம். முக்கால் சொல் உங்களுக்குத் தெரிந்ததுதான். 'வேலை டெம்பரரியா, பெர்மனென்டா?' என்று மஸ்தூர் வேலைக்குப் போகிறவரைக் கேட்காத வீடு உண்டா? புதிதாக வந்தது கடைசி 'லி' மட்டுமே. அது நம் 'ஆக' போன்றது. தற்காலிகமாக, நிரந்தரமாக. 'ஆசானீ சே' என்று இந்தியில் சொல்கிறோமே, அந்த 'சே' செய்யும் வேலையும் இதுதான். எழுத்தில் எல், ஒய். 'டெம்பரரி'யின் கடைசி ஒய் மட்டும், லி சேரும்போது ஐ ஆகிவிடும்.

குழம்புக்கு மீன் வெட்டுவது ஒரு விதம். கருவாட்டுக்குக் கீறுவது வேறு விதம். சொல்லுக்கும் இரண்டு வெட்டு உண்டு. ஒன்று வாய்க்கு, மற்றது பொருளுக்கு.

'இன்டிபென்டன்ட்லி' என்ற சொல்லைப் பாருங்கள்.

வாய்க்கு: இன் – டி – பென் – டன்ட் – லி. கை தட்டிச் சொல்லுங்கள். ஐந்து தட்டு.

பொருளுக்கு: இன் – டிபென்ட் – என்ட் – லி. 'டிபென்ட்' என்றால் சார்ந்திரு. 'என்ட்' சேர்ந்தால் சார்ந்திருக்கிற. முன்னால் வரும் 'இன்' அதை மறுக்கிறது. முழுச் சொல்லுக்கு, யாரையும் சாராமல் என்று பொருள்.

வாய்க்கு வெட்டும்போது 'டிபென்ட்' நடுவே அறுந்துபோகிறது, கவனித்தீர்களா? தமிழிலும் அப்படித்தான். மெ – து – வா – க என்று நான்கு தட்டு. பொருளுக்கு வெட்டினால் மெது + ஆக. 'ஆக'வின் 'ஆ' அந்த 'வா'வுக்குள் ஒளிந்திருக்கிறது.

என்னைக் கேட்டால், பொருள் தேடும்போது வாலிலிருந்து தொடங்குங்கள். முதலில் லியைக் கழற்றுங்கள். மிஞ்சியதில் தெரிந்த சொல் இருக்கிறதா என்று பாருங்கள். உரக்கப் படிக்கும்போது மட்டும் தலையிலிருந்து வாருங்கள்.

லியில் முடிவதெல்லாம் இந்த வகை அல்ல. 'ஃபேமிலி'யில் லியை வெட்டினால் மிஞ்சுவது சொல்லே அல்ல. இட்லியைக் கேட்கவே வேண்டாம்! 'ஃப்ரெண்ட்லி'யை வெட்டலாம். ஆனால் அதற்கு நட்பான என்றுதான் பொருள்.

பயிற்சி: கீழே உள்ள சொற்களை இரண்டு விதமாகவும் வெட்டிப் பாருங்கள்.

ரெகுலர்லி
இம்மீடியட்லி
அன்ஃபார்ச்சுனட்லி

கடைசிச் சொல்லுக்கு ஒரு துப்பு: 'ஃபார்ச்சூன்' என்றால் நல்வாய்ப்பு. 'அன்' என்பது 'இன்' செய்த வேலையையே செய்யும்.