நட்சத்திரம் நகருதா? நாம நகருறோமா?



போன மாதம் சுவர்ப் பத்திரிகையில் சந்திர கிரகணம் பற்றிப் படித்திருப்பீர்கள். இந்த மாதம் நான் எழுதப் போவது நட்சத்திரங்கள் பற்றி. புத்தகத்தில் படித்தது பாதி, வயலில் நின்று திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டது மீதி. அந்தத் திட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நான் செய்த தப்பு

எங்க ஊர் திண்டுக்கல் பக்கம். எங்க கிணறு பங்குக் கிணறு. பெரியப்பா வீட்டுக்கும் எங்களுக்கும் முறை வைத்துத் தண்ணீர் பாயும். ராத்திரி 12 மணி வரைக்கும் அவங்க முறை. 12 மணிக்கு மேல் விடியிற வரைக்கும் எங்க முறை. இரண்டு வீட்டிலும் வெங்காயம் போட்டிருக்கோம்.

மார்கழி பிறந்த சமயம் ஒரு நாள் ராத்திரி தாத்தாவோடு மடை மாற்றப் போனேன். தாத்தாவுக்குக் கண்ணில் புரை. அதனால் என்னைப் பார்த்து, "தம்பி, மேலே வரிசையா மூணு மீனு தெரியுதா? எங்கே நிக்குது?" என்று கேட்டார். "உச்சியில் நிக்குது தாத்தா" என்றேன். "அப்போ மணி பன்னிரண்டு. மடையைத் திருப்பு" என்றார். போனை எடுத்துப் பார்த்தால் 12 மணி 5 நிமிஷம்! எனக்கு ஆச்சரியம் தாங்கலை.

ஒரு மாதம் போனது. பொங்கல் லீவில் எங்க முறை வந்தது. தாத்தாவுக்குக் காய்ச்சல். அப்பா வெளியூர். "நான் போறேன்"னு கிளம்பினேன். தாத்தா மாதிரி நானும் மணி சொல்லணும்னு ஆசை. போனை வேணும்னே வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். மூணு மீனு உச்சிக்கு வந்தது. மண்வெட்டியை எடுத்து பெரியப்பா வயல் மடையை அடைத்து எங்க பக்கம் திருப்பிவிட்டேன்.

கொஞ்ச நேரம் ஆனதும் பெரியப்பா டார்ச் லைட்டோடு வந்தார். "மணி பதினொண்ணு கூட ஆகலை. யாருடா மடையை மாத்தினது?" என்று சத்தம் போட்டார். நான் வானத்தைக் காட்டினேன். அவருக்குக் கோபம் இன்னும் ஜாஸ்தி ஆகிவிட்டது. நான் மாற்றியபோது மணி பத்துதான் ஆகியிருக்கிறது! அவர் மறுபடி மடையைத் திருப்புவதற்குள் கரண்டும் போய்விட்டது. அவங்க வயலில் கடைசி நாலு பாத்தி காய்ந்தே கிடந்தது.

மீன் அதே மீன்தான். உச்சியும் அதே உச்சிதான். அப்புறம் எப்படி இரண்டு மணி நேரம் தப்பியது? இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் எங்க அறிவியல் ஐயாவிடம் போனேன். அவர் சொன்னதையும், நூலகத்தில் படித்ததையும், நான் நோட்டில் குறித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதல் பாடம்: சுற்றுவது வானம் இல்லை

ஒரு நாள் ராத்திரி ஒரு மணி நேரம் சும்மா வானத்தைப் பாருங்க. கிழக்கே இருக்கிற நட்சத்திரம் மேலே ஏறும். மேற்கே இருப்பது கீழே இறங்கும். மொத்த வானமும் ஒரு பெரிய சக்கரம் மாதிரி கிழக்கிலிருந்து மேற்கே போவது போல் தெரியும்.

உண்மையில் சுற்றுவது பூமி. அது மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுகிறது. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் புளியமரம் எல்லாம் பின்னால் ஓடுமே, அது மாதிரிதான். ஆரியபட்டர் கி.பி. 499-லேயே இதை எழுதியிருக்கிறார். படகில் போகிறவனுக்குக் கரையில் நிற்கும் பொருள்கள் பின்னோக்கிப் போவதாகத் தெரிவது போல, அசையாத நட்சத்திரங்கள் மேற்கே போவதாகத் தெரிகின்றன என்பது அவர் சொன்ன உதாரணம். அப்போது அவருக்கு வயது 23!

பூமி ஒரு சுற்றுக்கு 360 டிகிரி திரும்புகிறது. 24 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 15 டிகிரி. அதாவது 4 நிமிஷத்துக்கு 1 டிகிரி. இதை அளக்கக் கருவி வேண்டாம், நம்ம கையே போதும். கையை நேராக நீட்டி விரல்களை மடக்கிக்கொள்ளுங்க. அந்தக் கைமுட்டியின் அகலம் வானத்தில் சுமார் 10 டிகிரி. சுண்டு விரலின் அகலம் சுமார் 1 டிகிரி. ஆக, ஒரு நட்சத்திரம் ஒரு முட்டி தூரம் நகர 40 நிமிஷம் ஆகும். எங்க வீட்டு மொட்டை மாடியில் நின்று, ஒரு தென்னை மரத்தை அடையாளம் வைத்து மூணு மீனை அளந்து பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் ஒன்றரை முட்டி. கணக்கு சரியாக இருந்தது!

தாத்தா சொல்லும் மூணு மீனு என்பது ஓரியன் என்ற வேட்டைக்காரன் மண்டலத்தின் இடுப்புக் கச்சை. அது கிட்டத்தட்ட பூமத்திய ரேகைக்கு நேர் மேலே இருக்கிற நட்சத்திர வரிசை. அதனால் நேர் கிழக்கே உதித்து நேர் மேற்கே மறையும். நம்ம ஊரில் உச்சிக்குத் தெற்கே ஒரு முட்டி தள்ளிக் கடந்து போகும்.

இரண்டாம் பாடம்: கறுப்புக் குடை

ஐயா வகுப்பில் ஒரு பழைய கறுப்புக் குடையை விரித்து, உள்பக்கம் சாக்பீஸால் நட்சத்திரம் வரைந்து காட்டினார். குடைக்கம்பி நுனியில் துருவ நட்சத்திரம். அந்த நுனியை வடக்கே நீட்டிப் பிடித்து, வலது பக்கம் மேலே ஏறி இடது பக்கம் இறங்கும்படி சுற்றினார். எல்லா நட்சத்திரமும் சுற்றுகிறது, நுனி மட்டும் அசையவில்லை! துருவ நட்சத்திரம் அசையாமல் நிற்பதாகச் சொல்வது இதனால்தான். பூமியின் அச்சு கிட்டத்தட்ட அதை நோக்கி இருக்கிறது. (சரியாகச் சொன்னால் முக்கால் டிகிரிக்கும் குறைவாக விலகி, ஒரு சின்ன வட்டம் போடுகிறது.)

குடையை எவ்வளவு சாய்க்க வேண்டும்? அது ஊரைப் பொறுத்தது. துருவ நட்சத்திரத்தின் உயரம் அந்த ஊரின் அட்சரேகைக்குச் சமம். கன்னியாகுமரியில் 8 டிகிரி, மதுரையில் 10, சென்னையில் 13, டெல்லியில் 28½. வட துருவத்தில் தலைக்கு நேர் மேலே, 90 டிகிரி. அங்கே நட்சத்திரங்கள் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. தரைக்கு இணையாக ராட்டினம் போல் சுற்றிக்கொண்டே இருக்கும்.

நம்ம ஊரில் குடை கிட்டத்தட்ட படுத்துக் கிடக்கும். அதனால் நமக்கு நட்சத்திரங்கள் செங்குத்தாக ஏறி, செங்குத்தாக இறங்கும். துருவ நட்சத்திரமோ வடக்கே ஒரு முட்டி உயரத்தில்தான். வீடு, மரம் இருந்தால் மறைத்துவிடும். ஆனால் நமக்கு ஒரு லாபம் உண்டு. தெற்கு வானம் நன்றாகத் தெரியும். அகத்தியர் நட்சத்திரம் தை, மாசி ராத்திரிகளில் நமக்கு மூன்று முட்டிக்குக் கொஞ்சம் குறைவான உயரத்தில் ஜொலிக்கும். டெல்லிக்காரர்களுக்கு அது ஒரு முட்டி உயரம் கூட வராது.

மூன்றாம் பாடம்: அந்த நாலு நிமிஷம்

இதுதான் என் தப்புக்கு விடை. கவனமாகப் படியுங்க.

பூமி ஒரு முழுச் சுற்று சுற்ற 24 மணி நேரம் என்று படிக்கிறோம். நட்சத்திரத்தை வைத்துப் பார்த்தால் அது 23 மணி 56 நிமிஷம் 4 விநாடி. மீதி 4 நிமிஷம் எங்கே போனது?

பூமி தன்னைத் தானே சுற்றுவதோடு சூரியனையும் சுற்றுகிறது. ஒரு வருஷத்துக்கு 360 டிகிரி, அதாவது ஒரு நாளைக்குச் சுமார் 1 டிகிரி. ஐயா இதையும் விளையாட்டாகவே காட்டினார். ஒரு பையன் நடுவில் நின்றான், அவன்தான் சூரியன். நான் பூமி. தூரத்துக் கொடிக்கம்பம் நட்சத்திரம். முதலில் சூரியனும் கொடிக்கம்பமும் ஒரே நேர்கோட்டில் என் முன்னால் இருந்தன. நான் ஒரு சுற்று சுற்றினேன். சுற்றும்போதே சூரியனைச் சுற்றும் பாதையில் ஒரு அடி நகர்ந்துவிட்டேன். இப்போது கொடிக்கம்பம் எனக்கு நேராக வந்துவிட்டது. ஆனால் சூரியன் இன்னும் நேராக வரவில்லை! அவனைப் பார்க்க இன்னும் கொஞ்சம் திரும்ப வேண்டியிருந்தது. அந்தக் 'கொஞ்சம்'தான் 1 டிகிரி, 4 நிமிஷம்.

நம்ம கடிகாரம் சூரியனைப் பார்த்து ஓடுகிறது. அதனால் ஒவ்வொரு நட்சத்திரமும் தினம் 4 நிமிஷம் முன்னாடியே வந்துவிடும். 30 நாளுக்கு 120 நிமிஷம், அதாவது 2 மணி நேரம்! மார்கழியில் 12 மணிக்கு உச்சிக்கு வந்த மீன் தையில் 10 மணிக்கே வந்துவிட்டது. 12 மாதத்துக்கு 24 மணி நேரம் ஆகிவிடுவதால் அடுத்த வருஷம் அதே நாளில் அதே நேரத்துக்கு அதே இடத்தில் நிற்கும்.

மூணு மீனு உச்சிக்கு வரும் நேரம் (எங்க ஊர்க் கணக்கு, சுமார்):
கார்த்திகை 1 – பின்னிரவு 2 மணி
மார்கழி 1 – நள்ளிரவு 12 மணி
தை 1 – இரவு 10¼ மணி
மாசி 1 – இரவு 8¼ மணி
பங்குனி 1 – மாலை 6¼ மணி

பங்குனியில் இருட்டும்போதே அது மேற்கே சாய ஆரம்பித்திருக்கும். வைகாசி, ஆனியில் சூரியனோடு சேர்ந்தே போவதால் கண்ணுக்குத் தெரியாது. ஆடியில் விடியற்காலை கிழக்கே திரும்பவும் தலை காட்டும்.

எந்த மாதம் எந்த மீன்?

இதனால்தான் ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு வானம். சித்திரை, வைகாசியில் முன்னிரவு வடக்கே பாருங்க: சப்தரிஷி மண்டலம். ஏழு நட்சத்திரம், அகப்பை மாதிரி இருக்கும். அகப்பையின் முன் விளிம்பில் உள்ள இரண்டையும் சேர்த்து ஒரு கோடு இழுத்தால் துருவ நட்சத்திரத்துக்குப் போகும். ஆடியில் தெற்கே விருச்சிகம், வாலைத் தூக்கிய தேள். அதன் நடுவில் சிவப்பாக இருப்பது கேட்டை. தேள் கிழக்கே ஏறும் நேரம் வேட்டைக்காரன் மேற்கே இறங்கிக்கொண்டிருப்பான். இரண்டு பேரையும் உச்சி வானத்தில் சேர்த்துப் பார்க்கவே முடியாது.

நம்ம மாதப் பெயர்களிலும் இந்தக் கணக்கு இருக்கிறது. கார்த்திகை மாதப் பௌர்ணமி நிலா கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும். தீபம் ஏற்றும் அந்த மாலையில் இரண்டும் ஏறக்குறைய சேர்ந்தே கிழக்கே எழும். இந்த வருஷம் விளக்கு வைத்துவிட்டு மறக்காமல் பாருங்க.

உங்களுக்குத் தெரியுமா?

* ஜவ்வாது மலையில் காவலூர் என்ற இடத்தில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. அங்கே 1986-ல் தொடங்கி வைக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியின் அச்சு வான துருவத்தை நோக்கிச் சாய்ந்திருக்கும். பூமி சுற்றும் வேகத்துக்கு ஈடாக அதை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டே இருப்பார்கள். இல்லாவிட்டால் நட்சத்திரம் நழுவி ஓடிவிடும்.

* 1851-ல் ஃபூக்கோ என்ற விஞ்ஞானி பாரிஸ் நகரில் 67 மீட்டர் நீளமுள்ள ஊசலைத் தொங்கவிட்டு, பூமி சுற்றுவதை எல்லாரும் கண்ணால் பார்க்கும்படி செய்தார்.

* பூமி பம்பரம் மாதிரி தலையையும் ஆட்டுகிறது. ஒரு ஆட்டத்துக்குச் சுமார் 26,000 வருஷம். இன்னும் 12,000 வருஷம் கழித்து வேகா என்ற நட்சத்திரம் துருவத்துக்குக் கிட்ட நிற்கும்.

* நட்சத்திரங்கள் நிஜமாகவும் நகர்கின்றன. ஆனால் மிக அருகில் உள்ள நட்சத்திரக் கூட்டமே 41 லட்சம் கோடி கிலோமீட்டர் தூரம். அதனால் நம்ம ஆயுசில் கண்ணுக்குத் தெரியாது. தாத்தாவின் தாத்தா பார்த்த மூணு மீனும் இதே வரிசைதான்.

* பழைய தமிழில் நட்சத்திரத்தை நாள்மீன் என்றும் கிரகத்தைக் கோள்மீன் என்றும் பிரித்தார்கள். கோள்மீன் இடம் மாறிக்கொண்டே இருக்கும். அதை வைத்து மணி பார்க்காதீங்க!

முடிவாக

மறுநாள் காலையில் காய்ச்சலோடு தாத்தாவே என்னைக் கூட்டிக்கொண்டு பெரியப்பா வீட்டுக்குப் போனார். "சின்னப் பிள்ளை தெரியாமல் செஞ்சிட்டான். அடுத்த முறையில் எங்க தண்ணியில் ரெண்டு மணி நேரம் நீ எடுத்துக்கோ" என்றார். நானும் மன்னிப்புக் கேட்டேன். வரும் வழியில், "மாசத்துக்கு ரெண்டு மணி முன்னே வரும்னு உங்களுக்குத் தெரியுமா தாத்தா?" என்று கேட்டேன். "தெரியாமலா அம்பது வருஷம் தண்ணி கட்டினேன்? நீ கேட்கலை, நான் சொல்லலை" என்றார். ஏன் அப்படி வருகிறது என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. அன்றைக்கு சாயங்காலம் வீட்டுக் குடையை எடுத்து அவருக்குச் சுற்றிக் காட்டினேன். கண் சரியாகத் தெரியாததால் கம்பியைக் கையால் தடவிப் பார்த்து, "ஓஹோ, இதுதான் சங்கதியா" என்றார்.

மாசியில் எங்க முறை வந்தபோது நானே போனேன். இந்தத் தடவை போனையும் எடுத்துப் போனேன். ஆனால் முதலில் வானத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டேன், அப்புறம்தான் போனைப் பார்த்தேன். பத்து நிமிஷம்தான் வித்தியாசம்!

நீங்களும் செய்து பாருங்க

1. மொட்டை மாடியில் ஒரே இடத்தில் நின்று, மரமோ கம்பமோ அடையாளம் வைத்து ஒரு நட்சத்திரம் அதைத் தொடும் நேரத்தைக் குறியுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி குறியுங்கள். சுமார் 28 நிமிஷம் குறைந்திருக்க வேண்டும்.
2. வீட்டுப் பெரியவங்களிடம் அவங்களுக்குத் தெரிந்த மீன் பெயர்களைக் கேட்டு எழுதிக் கொண்டு வாங்க. அடுத்த இதழில் போடலாம்.
3. கேள்வி: ஒரு நட்சத்திரம் இன்று இரவு 8 மணிக்கு உச்சியில் இருக்கிறது. 15 நாள் கழித்து எத்தனை மணிக்கு உச்சிக்கு வரும்? விடை அடுத்த இதழில்.



– ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்