வில்லன் வேடத்தை மறுக்கும் முன்

அன்புள்ள தம்பிக்கு,

திரும்பவும் வில்லன் வேடம்தான் வந்திருக்கிறது, ஒப்புக்கொண்டால் காலத்துக்கும் இதே முத்திரைதான் என்று எழுதியிருக்கிறாய். உன் பயம் நியாயமானது. எம்.என்.நம்பியாரையே எடுத்துக்கொள். 1950-இல் வந்த 'திகம்பர சாமியார்' படத்தில் விதவிதமான வேடங்களில் தோன்றிய கதாநாயகன் அவர். அப்படிப்பட்டவரிடம் அடுத்த முப்பது ஆண்டுகள் ரசிகர்கள் கேட்டது, கையைப் பிசைந்துகொண்டு சதி செய்யும் வில்லனைத்தான். நன்றாகச் செய்ததால் விழுந்த முத்திரை அது. அதைத் தோல்வியாக எண்ணாதே; ரசிகர் மனதில் உன் பெயரில் சேரும் முதல் என்று நினை.

'எங்க வீட்டுப் பிள்ளை' (1965) படத்தைப் பொறுமையாகப் பார். பயந்த சுபாவமுள்ள ராமுவைச் சவுக்கால் அடித்து ஒடுக்கும் கஜேந்திரனாக நம்பியார் வருகிறார். அந்த அடி நமக்கே வலித்தால்தான், பிறகு சவுக்கு எம்.ஜி.ஆர். கைக்கு மாறும்போது தியேட்டர் அதிரும். கைதட்டல் நாயகனுக்குப் போகிறது. அதற்கான ஆத்திரத்தைக் காட்சி காட்சியாகச் சேர்த்துக் கொடுத்தவர் நம்பியார். 1982-இல் 'தூறல் நின்னு போச்சு' படத்தில் பாக்யராஜ் அவரை நல்ல மனம் கொண்ட பயில்வானாக்கினார். வேறொருவர் செய்திருந்தால் அது இன்னொரு குணச்சித்திர வேடமாகக் கடந்து போயிருக்கும். இத்தனை காலம் பார்த்துப் பயந்த முகத்தில் கனிவு தெரிந்ததால்தான் ஜனங்களுக்கு அவ்வளவு பிடித்தது.

அப்படி எழுதித் தர ஒரு பாக்யராஜ் வேண்டுமே என்பாய். உண்மைதான். பலருக்கு அது வாய்க்கவில்லை. அழுகிற அம்மா வேடத்திலேயே திறமையெல்லாம் கரைந்துபோன நடிகைகள் நம்மிடம் உண்டு. அந்த இழப்பை நான் மறைக்க மாட்டேன். டி.எஸ்.பாலையா தப்பித்தாரே என்றும் கேட்பாய். 1936-இல் 'சதிலீலாவதி'யில் வில்லனாக வந்தவர், பின்னாளில் வயிறு குலுங்கச் சிரிக்க வைத்தார். ஆனால் அவர் பழையதை உதறிவிட்டுப் போனதாக எனக்குத் தோன்றவில்லை. 'திருவிளையாடல்' ஹேமநாத பாகவதரின் இறுமாப்பு, வில்லனாக இருந்தபோது பழகிய இறுமாப்புதான். 'காதலிக்க நேரமில்லை'யில் நாகேஷ் கதை சொல்லும் காட்சியில் பாலையாவுக்கு வசனம் அதிகமில்லை. பெரிய மனிதர் மிடுக்கோடு உட்கார்ந்தவரின் கண்கள் விரிகின்றன, முகம் வெளிறுகிறது, மிடுக்கு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று விழுகிறது. அந்த மிடுக்கு இல்லாவிட்டால் அங்கே சிரிப்பு ஏது?

ஆகவே வில்லன் என்பதற்காக மட்டும் மறுக்காதே. ஒரே குத்தில் விழுந்து ஓடுகிற, கதைக்குத் தேவையே இல்லாத வேடமாக இருந்தால் தயங்காமல் மறு. வந்திருக்கும் வேடத்தின் காட்சிகளை முழுவதும் கேட்டு வாங்கிப் படி. நாயகனை நிஜமாகவே நிலைகுலைய வைக்கும் காட்சி ஒன்றாவது அதில் இருந்தால், இந்த வாரமே இயக்குநரைப் பார்த்துச் சம்மதம் சொல்லிவிடு.

அன்புடன்,
அண்ணன்